தெளிவி இல்லாத திரை

"இதெல்லாம் இன்னுமா ஓடுது?" என்று கேட்டுக்கொண்டு என் கடைக்குள் வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஓடுவதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகு என்ன கேள்வி. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் கருவாடு சேர்த்து வைக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தில் கேம் கடை வைத்திருக்கிறேன். ஆள் உயரத்துக்கு மரப் பெட்டிகள், உள்ளே கனத்த கண்ணாடி டியூப் போட்ட மானிட்டர்கள். சரக்கு ஏறி முடியும்வரை பொழுது போகாத கப்பல்காரர்கள்தான் எனக்குப் படியளக்கிறவர்கள். உள்ளூர்க்காரன் வந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு போவான். என் பெயர் கிளமென்ட் மொராயிஸ். கோபக்காரன் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

பேச்சிக்கனி வந்தபோது நான் ஒரு மானிட்டரின் முதுகைத் திறந்து வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். முப்பது வயதைத் தாண்டியவள், துறைமுகத்து அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. துண்டில் சுற்றிய ஒரு கம்ப்யூட்டரை இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, இந்தக் கம்ப்யூட்டர ஒங்க மானிட்டர்ல மாட்டிப் பாக்கணும்."

"மாட்ட முடியாது."

"ஏன்?"

"இது கேம் மானிட்டர். கம்ப்யூட்டருக்கும் இதுக்கும் ஆகாது. மாட்டுனா உள்ள உள்ளது புகைஞ்சு போவும். போயிட்டு வா தாயி."

அவள் போகவில்லை. கம்ப்யூட்டரைக் கீழே வைத்தாள்.

"நான் மந்திரமூர்த்திக்கு அக்கா" என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் என் கை தூசி தட்டுவதை நிறுத்திவிட்டது. உப்புக் கிட்டங்கிக் காவல்காரர் பரமார்த்தலிங்கத்தை விடியற்காலையில் கம்பியால் அடித்துக் கொன்றதாக மந்திரமூர்த்தியைப் பிடித்து வைத்திருக்கும் வழக்கு. எதிர்த்த கம்பெனிக் கேமராவில் பதிவான அந்த வீடியோ ஊரில் ஒரு போன் பாக்கியில்லாமல் ஓடியது. கொன்றவன் திரும்புவான், ஒரு நொடி கேமராவைப் பார்ப்பான். முகம் அவ்வளவு சுத்தமாகத் தெரியும். மூக்கோரத்து மரு கூடத் தெரியும். பார்க்காதவர் இல்லை. நானும்தான் பார்த்தேன், சாப்பிட்டுக்கொண்டே.

"அந்த வீடியோவையா இதுல போடணும்?"

"ஆமா."

"போட்டு? எந்தத் திரையில பாத்தாலும் அவன்தான தெரியுதான்."

"எந்தத் திரையில பாத்தாலும் தெளிவி இருக்கே அண்ணாச்சி. ஒங்க டியூப்ல மட்டுந்தான் அது கெடையாது."

தெளிவியைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. கடலடிக் கேபிள்கள் அறுந்த வருஷம் படம் எதுவும் முழுசாக வந்து சேராமல் உலகமே தவித்தது. அப்போது எல்லாத் திரைகளிலும் தெளிவி என்று ஒரு சில்லைப் புதைத்தார்கள். கொஞ்சம் அனுப்பினால் போதும், மிச்சத்தை அதுவே இட்டு நிரப்பிவிடும். போன், டிவி, பிரிண்டர் எல்லாவற்றிலும் அது உண்டு. கேபிள் சரியான பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. எல்லாம் பளிச்சென்று தெரிகிறபோது யார் எடுக்கச் சொல்வார்கள்.

"அது இல்லாததயா இட்டு நிரப்பும்? இருக்கறதத்தான தெளிவாக் காட்டும்" என்றேன்.

"நான் துறைமுகத்துல பெட்டிய ஸ்கேன் பண்ற வேல பாக்கேன். கலங்கலா ஒரு உருவம் வந்தா, அந்த இடத்துல வழக்கமா எது இருக்குமோ அத எடுத்து ஒட்டிரும். செருப்பு வார எடத்துல செருப்பு. முகம் கலங்கலா வந்தா, அந்த இடத்துல தெனமும் யாரு நடமாடுதாவளோ அவுக முகம். என் தம்பி ஒரு நாள் லீவு போடாம அந்தக் கேமரா முன்னாடி வேலைக்குப் போயிருக்கான் அண்ணாச்சி. அந்தக் கேமராவுக்கு அவன் மூஞ்சிதான் மனப்பாடம், வீடியோகூடவே எல்லாத் தெளிவிக்கும் அதையும் அனுப்பிருது."

லீவு போடாமல் உழைத்ததற்குக் கிடைத்த மரியாதை. 

"இத ஜட்ஜுக்குச் சொல்ல வேண்டியதான?"

"வக்கீல் சொன்னாரு. புள்ளி புள்ளியா நம்பர் எடுத்து அறிக்கை குடுத்தோம். எனக்கு நம்பர் வேணாம், கண்ணால பாக்கணும்னு ஜட்ஜு சொல்லிட்டாரு. கண்ணால பாத்தா அவன்தான தெரியுதான். தூக்கு வாங்கிக் குடுக்காம விடமாட்டேன்னு அரசு வக்கீல் நிக்காரு."

கம்ப்யூட்டரைத் தூக்கி மேசையில் வைக்கச் சொன்னேன். பெட்டிகளில் மோட்டார் பந்தயப் பெட்டிதான் என்னிடம் பெரியது. அதன் மானிட்டரை வெளியே இழுத்தேன்.

முதல் தடவை மாட்டியதும் மானிட்டர் கீச்சென்று கத்தியது. திரையில் ஒரே படம் மூன்றாகக் கிழிந்து சாய்ந்து ஓடியது. பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"நான்தான் அப்பவே சொன்னேன்லா. ஒன் கம்ப்யூட்டர் நொடிக்கு முப்பத்தோராயிரம் கோடு அனுப்புது. என் மானிட்டர் வரையறது அதுல பாதி. கொஞ்ச நேரம் விட்டிருந்தா எரிஞ்சிருக்கும்."

"கோட்டக் கொறச்சு அனுப்பச் சொல்லுதேன்."

"சொல்லு. அது கேக்குதான்னு பாப்போம்."

கேட்டது. ஆனால் கம்ப்யூட்டர் கண் விழிக்கிற நேரத்தில் மட்டும் பழைய வேகத்திலேயே அனுப்பித் தொலைத்தது. அது முழுசாக எழுந்து உட்காரும்வரை மானிட்டரைப் போடக் கூடாது என்று முறை வைத்தோம். பேச்சிக்கனி ஒரு நாள் அவசரத்தில் முதலில் மானிட்டரைப் போட்டுவிட்டாள். ஒரு டிரான்சிஸ்டர் செத்து, கடை முழுக்கப் பொசுங்கல் நாற்றம். நான் கத்திய கத்தலில் விளையாடிக்கொண்டிருந்த கப்பல்காரர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.  அவள் மறுநாள் பழைய டிவி ஒன்றிலிருந்து அதே டிரான்சிஸ்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அதற்குமேல் அவளை எப்படித் திட்டுவது.

பிறகு படம் நிற்காமல் மேலே மேலே உருண்டது. கம்ப்யூட்டர் குறுக்குக்கு ஒரு தாளமும் நெடுக்குக்கு ஒரு தாளமும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும்; கேம் மானிட்டருக்கு இரண்டும் ஒன்றாக வேண்டும். சின்னப் பலகையில் அவள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாள். உருள்வது நின்றது. ஆனால் இருட்டு. கம்ப்யூட்டர் அனுப்பும் சிக்னல் இந்த மானிட்டரின் பசிக்குக் காணாது. ஏற்றிக் கொடுக்க ஒரு சர்க்யூட் போட்டேன். வெளிச்சம் வந்தது, கூடவே ஒரு மூலையில் பச்சை திட்டுத் திட்டாக. காந்தச் சுருளைத் திரைமுன் சுற்றிச் சுற்றிக் காட்டி அதையும் போக்கினேன். கடைசியில் கம்ப்யூட்டரின் முகப்பு, அகலம் பிசகாமல், ஆடாமல் நின்றது. மலையேறித் தேன் எடுத்தவன்போல இருந்தது எனக்கு. சும்மா சொல்லக் கூடாது, பேச்சிக்கனிக்கு வேலை சுத்தம்.

"போடு வீடியோவ" என்றேன்.

போட்டாள். சாம்பல் வெளிச்சம், கிட்டங்கிச் சுவர், கீழே கிடக்கும் காவல்காரர். கம்பியோடு ஒருவன் திரும்புகிறான். மந்திரமூர்த்தி. மூக்கோரத்தில் மரு.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.  உண்மையைச் சொன்னால், இவள் நம்மை ஏமாற்றிவிட்டாளோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"கம்ப்யூட்டர்ல உள்ள வீடியோ கார்டுலயும் தெளிவியப் போட்டிருப்பான்" என்றாள். "அது வரஞ்சு அனுப்புது. வேற கார்டு வேணும்."

உடைக்க வந்த கப்பல் ஒன்றின் மாலுமி அறையிலிருந்த, தெளிவி பிறப்பதற்கு முந்திய கார்டை அலைந்து திரிந்து வாங்கி வந்தாள். மறுபடி முதலிலிருந்து எல்லாம். கோடு, தாளம், வெளிச்சம், பச்சை. மறுபடி வீடியோ. மறுபடி அவன்.

நான் விடவில்லை. பச்சைக் கம்பியைப் பிடுங்கினேன், ஊதா நிறத்தில் அவன் நின்றான். வெளிச்சத்தைக் குறைத்தேன், இருட்டில் நின்றான். மானிட்டரைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், தலைகீழாக நின்றான். டியூபுக்குள் சில்லும் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் கண்ணாடியும் காந்தமும்தான். அது எங்கிருந்து முகத்தைக் கொண்டுவரும் என்று யோசித்து எனக்குத் தலை வெடித்தது.

அந்த நேரத்தில்தான் ரெனாட்டோ உள்ளே வந்தான். பிலிப்பைன்ஸ்காரன், கந்தகம் ஏற்றி வந்த கப்பலில் சமையல்காரன். பந்தயப் பெட்டியைத் தேடி வந்தவன், வெளியே இழுத்துப் போட்டிருந்த மானிட்டரைக் குனிந்து பார்த்தான்.

"இது என்ன கேம்?" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டான். "ஆளே இல்லையே."

"ஆள் இல்லையா? அந்தா நிக்கிறானே" என்று திரையில் விரலை வைத்தேன்.

ரெனாட்டோ கிட்டே போனான், தள்ளி வந்தான், தலையைச் சாய்த்தான். "நாலு கறுப்புக் கட்டம் இருக்கு. மூட்டையா?"

பேச்சிக்கனி ஸ்டூலை விட்டு எழுந்தாள். "முகம் தெரியுதா? கண்ணு, மூக்கு?"

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்தானாம்.

அவன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் மானிட்டருக்குக் கிட்டே போய்ப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. கணக்குப்படி அந்தத் தலை சில கட்டங்கள்தான். கட்டம் கட்டமாக எண்ணினால் எண்ணலாம். எண்ணி முடித்துக் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் மந்திரமூர்த்தி பார்க்கிறான்.

"கம்ப்யூட்டர்லயும் இல்ல, மானிட்டர்லயும் இல்ல அண்ணாச்சி" என்றாள். "நம்மகிட்ட இருக்கு. தெளிவா ஒரு தடவ பாத்துட்டோம்லா. இனிமே நாமளே இட்டு நெரப்பிக்கிடுதோம்."

"அப்போ ஊரு பூரா…"

"ஊரு பூராத்தான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. என் கண்ணை எனக்கே நம்ப முடியாமல் செய்துவிட்டார்களே, பாவிகள்.

மறுநாள் அவளோடு வக்கீல் ஆவுடையப்பன் வந்தார். வெற்றிலை போடுகிற, நிதானமான மனுஷர். எல்லாவற்றையும் கேட்டார். ரெனாட்டோவைச் சாட்சியாகக் கொண்டுவர முடியுமா என்று நான் கேட்டதற்கு, கப்பல் காலையிலேயே கிளம்பிவிட்டது என்றார். இருந்திருந்தாலும் ஒரு கேம் கடை வாடிக்கையாளன் பேச்சை யார் எடுப்பார்கள்.

"ஆனா ஒரு வழி இருக்கு" என்றார். "பழைய ஜட்ஜு மாறிட்டாரு. நீலகிரிப் பக்கத்துலயிருந்து ஒரு அம்மா வந்திருக்காவ. அவுக இன்னும் வீடியோவப் பாக்கல. கேஸ் கட்டத்தான் படிச்சிருக்காவ. அந்த அம்மாவ இங்க கூட்டிட்டு வந்து, முதமுதல்ல இந்த மானிட்டர்ல பாக்க வச்சிட்டம்னா…"

"அவுக கண்ணுக்கு மூட்டைதான் தெரியும்" என்றாள் பேச்சிக்கனி.

"மூட்டை தெரிஞ்சா போதும். எம்மா, ஒன் தம்பி உசுரு அந்த அம்மா முதல்ல எதப் பாக்கிறாவங்கறதுலதான் இருக்கு. போன்ல கூட யாரும் காட்டிரக் கூடாது."

அவர் மனுப் போட்டார். நீதிபதி நேரில் வந்து பார்வையிட ஒத்துக்கொண்டார். முதலில் தெளிவி இல்லாத திரையில்தான் பார்ப்பேன், அதுவரை வேறு எதிலும் பார்ப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார். அரசு வக்கீலும் எதிர்க்கவில்லை. பழைய டப்பாவில் என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார். இவ்வளவு நியாயமாக எல்லாம் நடப்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பேச்சிக்கனி சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வருகிற அன்று காலையிலேயே கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைத்து, பிறகு மானிட்டரைப் போட்டு, சூடேறவிட்டேன். படம் பிசிறில்லாமல் நின்றது. கடையைக் கூட்டி, பெட்டிகளை ஒதுக்கி, நீதிபதி உட்கார என் வீட்டிலிருந்து நல்ல நாற்காலி கொண்டுவந்து போட்டேன். என் சம்சாரம் கேட்டாள், என்ன இது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருகிறார்களா என்று.

நீதிபதி அம்மா வந்தார். ஒடிசலான உடம்பு, கண்ணாடி, அதிகம் பேசாத முகம். பின்னால் அரசு வக்கீல், ஆவுடையப்பன், கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பெஞ்ச் கிளார்க். கடைசியாக இரண்டு போலீஸ்காரர்கள் மந்திரமூர்த்தியைக் கூட்டி வந்து வாசல் பக்கத்துச் சுவரோரம் நிறுத்தினார்கள். வழக்கில் எது நடந்தாலும் அவன் இருக்க வேண்டுமாம். வீடியோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தான். அக்காவைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான்.

"தயாரா?" என்றார் நீதிபதி.

"தயார்ம்மா" என்றேன்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நீதிபதியிடம் சொன்னார் ஆவுடையப்பன், அரசு வக்கீலிடம் சொன்னார், போலீஸ்காரர்களிடம்கூடச் சொன்னார். கிளார்க்கிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கிளார்க்கிடம் யார் என்றைக்கு எதைச் சொல்லியிருக்கிறார்கள், கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார் என்பதைத் தவிர.

அந்த மனுஷர் வழக்கமாகச் செய்கிறதைச் செய்தார். எந்தச் சான்றுப் பொருளைத் திறந்தாலும், இதுதான் அது என்று முதலில் நீதிபதிக்கு அடையாளம் காட்ட வேண்டும். உறையைப் பிரித்தார், எண்ணைப் படித்தார், கோர்ட் டேப்லெட்டை எடுத்து நீதிபதியின் முன்னால் நீட்டி வீடியோவைத் தட்டிவிட்டார். நான் பார்த்துவிட்டுப் பாய்வதற்குள் டேப்லெட்டில் அவன் திரும்பிவிட்டான். பளிங்குமாதிரி முகம், மூக்கோரத்து மரு.

"நிறுத்துய்யா" என்று கத்திக்கொண்டே டேப்லெட்டைத் தட்டிவிட்டேன். அது கீழே விழுந்தது. போலீஸ்காரர் என் தோளைப் பிடித்தார்.

கிளார்க்குக்கு ஒன்றும் புரியவில்லை. "அடையாளம் காட்டாம பொருளத் தொறக்கக் கூடாதுங்கய்யா. முப்பது வருஷமா அப்படித்தானே செய்யுதோம்" என்றார். முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

நீதிபதி என் தோளிலிருந்து கையை எடுக்கச் சொன்னார். தப்பு நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு நொடிதான் பார்த்தேன்" என்றார். "பரவாயில்லை. நீங்கள் போடுங்கள்."

பேச்சிக்கனி போட்டாள்.  நீதிபதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெளியில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்றார்.

நேர்மையான பொம்பளை. எதிர்க் கடையில் நின்று டீ குடித்தார், கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், மறக்க முயற்சி செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மரு கூடத் தெரிகிறது" என்றார்.

"அம்மா, அந்தத் தலையே நாலு கட்டம்மா" என்றேன். கோர்ட் மரியாதை எல்லாம் என் நாக்கிலிருந்து போய்விட்டது. "கிட்ட வந்து எண்ணிப் பாருங்க. நாலு கட்டத்துல மரு எங்கம்மா ஒக்காரும்?"

கிட்டே வந்து எண்ணினார். விரலை வைத்து எண்ணினார். "நீங்கள் சொல்வது புத்திக்குப் புரிகிறது. ஆனால் தெரிகிறதே. நான் என்ன செய்ய?"

"பாத்ததப் பாத்தேன்னு எழுத வேண்டியதுதாங்கம்மா" என்றார் அரசு வக்கீல் பின்னாலிருந்து. "தெளிவி இல்லாத திரையிலயும் அவன்தான் தெரியுதான்னு எழுதுனா வழக்கு இன்னும் கெட்டியாயிரும்."

கெட்டியாகத்தான் செய்தது. எங்கள் கையாலேயே கெட்டியாக்கிக் கொடுத்திருக்கிறோம். பேச்சிக்கனி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆவுடையப்பன் அசரவில்லை. "அம்மா, வீடியோவ இதுவரைக்கும் பாக்காத ஒரு ஆள் பாத்தா என்ன தெரியுதுன்னு கேட்டுப் பாக்கலாம்."

"அப்படி ஒருவர் இந்த ஊரில் இருக்கிறாரா?"

 ஊரில் யார் இருக்கிறார்கள். போன் இல்லாதவன் டீக்கடை டிவியில் பார்த்திருப்பான். கைக்குழந்தைக்குக்கூடச் சோறூட்டும்போது ஓடியிருக்கும்.

"நான் பாக்கல" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

மந்திரமூர்த்தி. எல்லாரும் திரும்பினோம்.

"ஸ்டேஷன்ல காட்டுனாவ. நான் கண்ண மூடிக்கிட்டேன். தொறடான்னு அடிச்சாவ, தொறக்கல. கோர்ட்ல திரை ஜட்ஜையாவப் பாத்து இருக்கும், எனக்கு அதோட முதுகுதான் தெரியும். நான் பாக்கவே இல்ல."

"ஏன் பார்க்கவில்லை?" என்றார் நீதிபதி.

"எல்லாரும் நாந்தான்னு சொல்லுதாவ. பாத்துட்டா எனக்கே சந்தேகம் வந்துருமோன்னு பயமா இருந்துச்சு."

நீதிபதி அவனைக் கிட்டே கூட்டி வரச் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் கையைப் பிடித்தபடியே கொண்டுவந்தார். பேச்சிக்கனி வீடியோவைப் போட்டு, கொன்றவன் திரும்புகிற இடத்தில் நிறுத்தினாள். மந்திரமூர்த்தி குனிந்து பார்த்தான். அவ்வளவு நாள் பயந்த மனுஷனின் முகம், குனிந்ததும் மெதுவாக இளகியதை நான் பார்த்தேன்.

"யாருமே இல்லையே" என்றான். "ஒண்ணும் தெரியல. உப்பு மூட்ட நிமிந்து நிக்கிற மாதிரி இருக்கு. இதுக்கா யக்கா என்னப் பிடிச்சு வச்சிருக்காவ?" அவன் சிரித்துவிட்டான்.

ரெனாட்டோ சொன்ன அதே வார்த்தை, மூட்டை. எனக்குக் கண் நிறைந்தது. ஆவுடையப்பன், "பதிவு பண்ணணும்மா" என்று முன்னால் வந்தார்.

அரசு வக்கீல் குரலை உயர்த்தக்கூட இல்லை. "குற்றஞ்சாட்டப்பட்டவன் வேற என்னம்மா சொல்லுவான்? ஆமா, நாந்தான்னா சொல்லுவான்?"

நீதிபதி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினார் என்றே நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பேனாவை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மூடி போட்டுவிட்டார்.

"இவர் சொல்வதை நான் எடுக்க முடியாது" என்றார். "நான் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்."

ஊரில் கறைபடாத கண்ணாக இருந்தது அந்த ஒன்றுதான். அது அவன் தலையில் இருந்துவிட்டது. எவனிடம் போய் இதைச் சொல்லி அழுவது. கிளார்க் டேப்லெட்டைப் பொறுக்கி, உடைந்திருக்கிறதா என்று பார்த்து, உறையில் போட்டு முத்திரை வைத்தார்.

மந்திரமூர்த்தியின் சிரிப்பு போய்விட்டது. அவன் நீதிபதியைப் பார்த்தான், வக்கீலைப் பார்த்தான், பிறகு அக்கா பக்கம் திரும்பினான்.

"யக்கா, ஒனக்குந்தான் ஒண்ணும் தெரியலல்லா?"

பேச்சிக்கனி திரையைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதேதான் தெரிந்தது.

"இல்லலே" என்றாள். "ஒண்ணும் தெரியல."

கூடப் பிறந்தவன். அவள் பொய் சொன்னால் அவனுக்குத் தெரியாதா. அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஒன்றுமில்லாத கம்பியைச் சரிசெய்தேன்.

"நேரமாச்சு" என்று போலீஸ்காரர் கையை இழுத்தார். மந்திரமூர்த்தி நகரவில்லை. இன்னொரு தடவை மானிட்டரின் முன்னால் குனிந்தான். முதல் தடவை குனிந்ததுபோல இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவனைப்போல, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"யக்கா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப லேசாத் தெரியுற மாதிரி இருக்கு."